மஞ்சள் கோடு

இந்த நாற்காலிக்குப் பின்னங்கால் ஒன்று குட்டை, சார். அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்கு உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. தொழில் அப்படி. கோணலாக இருக்கிற எதையும் என்னால் சும்மா விட முடியாது.

எழுதிக்கொள்கிறீர்களா? நிதானமாக எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை. கடையை இன்றைக்கு யாரும் திறக்கப் போவதில்லை.

நீங்கள் உள்ளே உட்கார வைத்திருக்கும் ஆள் என் சகலை. என் மனைவியின் தங்கை கணவன். அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். பல் டாக்டரின் கார் மலைப்பாதையில் சுவரில் போய் மோதியதற்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களை நேராக நிறுத்துகிற வேலை, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றுதான் ஊரே நினைக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்துக்கு ஒன்றாகத் தட்டுகளை மாட்டினால், திரையில் எண்கள் வரும். சிவப்பு என்றால் தப்பு, பச்சை என்றால் சரி. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளை நீட்டி, குறுக்கி, சிவப்பைப் பச்சையாக்க வேண்டும். புது வண்டிகளுக்கு அது போதும். அந்த மெஷின் எங்கள் கடைக்கு வந்த நாளிலிருந்து அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான். கடை மாமனாருடையது. நான் பெரிய மாப்பிள்ளை. சகலை பின்னால் வந்தவன். அவனுக்குக் கொடுத்தது பிரேக், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் மாற்றுவது. கீழே படுத்துச் செய்கிற வேலைகள். அவன் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தான். அவன் எங்கே இருந்தாலும் சந்தோஷமாக இருப்பான். அதுதான் அவனிடம் கஷ்டம்.

டாக்டரின் வண்டியை நீங்கள் பார்த்தது நொறுங்கிய பிறகு. முழுசாக இருந்தபோது அழகு. நீல நிறம். இரண்டே பேர் உட்காரலாம். என்ஜின் முதுகுக்குப் பின்னால். என் கல்யாணத்துக்கு முன்பே தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடல். "இது எனக்கு ரெண்டாவது சம்சாரம். மூத்தவளோட சம்மதத்தோட வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டுதான் கடைக்குள் வந்தார். கொஞ்சம் வேகம் எடுத்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, பின் டயர்களின் உள்விளிம்பு எலி கடித்த மாதிரி தேய்கிறது என்றார்.

நான்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் பச்சைக்குக் கொண்டுவந்தேன். அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"உங்க திரை பச்சையாத்தான் இருக்கு. வண்டி இன்னும் இடது பக்கமே போகுது. அது உங்க திரையைப் பார்க்கலை போல" என்றார்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். மறுபடி ஏற்றினேன், மறுபடி பச்சை, மறுபடி இழுத்தது. அப்போது சகலை துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டிக்கு அடியில் நுழைந்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்த்தான். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எவ்வளவு வெயிட்டு?"

"பொண்ணு வீட்டுலேருந்து என்னைப் பார்க்க வந்தப்ப கூட யாரும் இதைக் கேட்டதில்லையேப்பா."

"லேசான வண்டி டாக்டர் இது. உங்க பாரம் இல்லாம சரி பண்ணினா, நீங்க இல்லாதப்ப நேராப் போகும். நீங்க ஏறினா கோணிக்கும்."

மணல் மூட்டைகளை டாக்டரின் எடைக்குச் சரியாக ஓட்டுநர் சீட்டில் வைத்தான். அதோடு விடவில்லை. பின் சக்கரத்துக் கம்பிகளின் ரப்பர் புஷ்களை யாரோ முன்பு வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள், அதனால் வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்தான். எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியை அதன் காலில் நிற்க வைத்து, அழுத்தி அழுத்தி உட்காரவிட்டு, அப்புறம் இறுக்கினான். கடைசியில்தான் என் மெஷின் பக்கம் வந்தான்.

டாக்டர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புறவழிச் சாலையில் ஒரு சுற்று போய்வந்தார். இறங்கியதும் அவனைக் கட்டிப்பிடித்தார். ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாராம், வண்டி நூல் பிடித்த மாதிரி போனதாம். சொல்லும்போது அவர் கண் கடை முழுக்கச் சுற்றியது. என் மேல் மட்டும் நிற்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சார். சுவரில் மாட்டியிருக்கும் விசிறியை யார் பார்ப்பார்கள்?

"அண்ணன் எண்ணெல்லாம் எடுத்து வெச்சிருந்தார், டாக்டர். அதனாலதான் எனக்கு லேசா முடிஞ்சுது" என்றான் சகலை.

நீங்கள் கேட்காமலே யாராவது உங்கள் கையில் பிச்சை போட்டிருக்கிறார்களா, சார்?

மணல் மூட்டை விஷயம் எனக்கும் தெரியும். மெஷினுக்குப் பயிற்சி எடுக்கப் போனபோது சொல்லிக் கொடுத்தார்கள். செய்யத் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போனால் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. "உங்க சகலை என்னமோ பெரிய கார் ஒண்ணு சரி பண்ணினாராமே, தங்கச்சி போன்ல சொன்னா" என்றாள் என் மனைவி. தட்டில் எனக்கு இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டே, "நீங்களும் கூட இருந்து பார்த்துக்க வேண்டியதுதானே?" என்றாள். குத்திக் காட்டவில்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னாள். என் மகள் அவனைச் சித்தப்பா என்று கூப்பிடுகிற குரலில் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அளந்து பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

அதற்கப்புறம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள். வாசலில் நின்று, "சின்னவர் இருக்காரா?" என்று கேட்பார்கள். யாரிடம்? என்னிடம். நான் உள்ளே போய் அவனைக் கூப்பிட்டு வருவேன்.

ஒருநாள் மாமனார் என்னை அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தியாக இருக்காது.

"மாப்பிள்ளை, அடுத்த மாசத்துலேருந்து முன்னாடி டயர் கவுன்ட்டரை நீங்க பாருங்க. வர்றவங்க கிட்டப் பேச ஒரு பெரிய மனுஷன் வேணும். லிஃப்டைச் சின்னவர் பார்த்துக்கட்டும்."

"சரி மாமா" என்றேன்.

எனக்குப் பேச்சு வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த லிஃப்டைத் தவிர எனக்கென்று சொல்லிக்கொள்ள அந்தக் கடையில் எதுவும் இல்லை, சார். வீட்டிலும் அப்படித்தான். "எங்க வீட்டுக்காரர் அலைன்மென்ட் பார்க்கறார்" என்று என் மனைவி சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன். உடைந்த வண்டியின் போல்டில் மஞ்சள் கோடு இருந்தது என்று உங்கள் ஆட்கள் படம் எடுத்தார்களே, அது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். நட்டைக் கடைசியாக இறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து போல்ட் வரை பெயின்டால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட வேண்டும். பின்னால் நட் கழன்று திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். எனக்கு வெள்ளை. சகலைக்கு மஞ்சள். நான் இறுக்கவில்லை, நீதான் இறுக்கினாய் என்று யாரும் சண்டை போட முடியாது. கோடு இழுத்தவனே அந்த நட்டுக்குப் பொறுப்பு. ஒருவர் கோடு இருக்கும் இடத்தில் அடுத்தவர் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால் உன் வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி.

மாத முடிவில், ஒரு சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். மறுநாள் மலை ஏறி இறங்கிவரப் போகிறார், சகலையையும் கூட்டிக்கொண்டு. அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். இரண்டு பேர் போவதால் இரண்டு பேர் பாரத்துக்கு அலைன்மென்ட்.

"மூட்டை எதுக்கு? நாங்களே உக்காந்துக்கறோம். அண்ணே, நீங்க கீழ பாருங்க. இனிமே இந்த லிஃப்டுல உங்க கை படுமோ படாதோ, இந்த வண்டியை நீங்களே பண்ணுங்கண்ணே" என்றான் சகலை.

அவன் உண்மையாகத்தான் சொன்னான். என் கடைசி வேலை நல்ல வண்டியில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். அவர்கள் இரண்டு பேரும் மேலே உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்குக் கீழே நின்றேன். வண்டியின் தரைத் தகடு மெல்லியது. பேசுவது எல்லாம் கேட்கும்.

"உங்க அண்ணன் பேசவே மாட்டாரா?" இது டாக்டர்.

"பேசுவாரே. மெஷின் கிட்ட மட்டும்."

"அது திரும்பிப் பேசாது, அந்தத் தைரியம்தான்."

சிரிப்பில் வண்டி லேசாகக் குலுங்கியது. திரையில் எண்கள் ஒரு நொடி நடுங்கி நின்றன. நான் காத்திருந்து மறுபடி பார்த்தேன். அந்தச் சிரிப்பினால்தான் செய்தேன் என்று எழுதாதீர்கள். மேலே உட்கார்ந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வேலை சுத்தமாக வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஒரு வண்டியை நிறுத்தியதில்லை. நாலு சக்கரமும் பச்சையின் நட்டநடுவில். பின் சக்கரம் தானாகத் திரும்பாமல் பிடித்து வைக்க ஒரு கம்பி உண்டு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. வலது பக்கத்து நட்டை ஸ்பேனர் போட்டு முழுசாக இறுக்கினேன். இடது பக்கத்து நட்டை விரலால் திருகினேன். விரலால் மட்டும். ஊருக்குள் நல்ல சாலையில் அது அப்படியே இருக்கும். மேடு பள்ளமும் வளைவும் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும்.

வெள்ளை டப்பாவும் மஞ்சள் டப்பாவும் ஒரே அலமாரியில் இருந்தன. நான் மஞ்சளை எடுத்தேன். நன்றாக இருந்தால் சின்னவர் வேலை என்றுதான் எல்லோரும் சொல்லப் போகிறார்கள். கோடும் அவனுடையதாகவே இருப்பதுதானே நியாயம்?

அவன் இறங்கி வந்து கீழே எட்டிப் பார்த்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு சுற்று தொட்டுப் பார்ப்பது அவன் பழக்கம்.

"என்னண்ணே, என் கலரைப் போட்டிருக்கீங்க?"

"உன் வண்டிதானே" என்றேன்.

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. லிஃப்டை நான் மனதார விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டான். "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்று சொல்லி, ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். என் வேலையைச் சோதிக்கிற மாதிரி ஆகிவிடும் அல்லவா? மரியாதை தெரிந்தவன்.

டாக்டர் கடையைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று அவன் தோளில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை யாரும் உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் என் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு விட்டுவிட்டது. தண்ணீர் கூடம் வரை வந்துவிட்டது. நான் வீட்டில்தான் இருந்தேன், பேப்பர் படித்துக்கொண்டு. என் மனைவி என்னைத் தாண்டிப் போய், போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"நான் பார்க்கறேனே" என்றேன்.

"நீங்க ஆரம்பிச்சா ஒரு வாரம் ஆகும்ங்க. தம்பி வந்தா பத்து நிமிஷம்."

வந்தான். மலைக்குப் போவதற்காக நல்ல சட்டை போட்டிருந்தான். அதோடு தொட்டிக்கு அடியில் படுத்துவிட்டான். நான் டார்ச் பிடித்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு டாக்டரிடம் பேசினான்.

"டாக்டர், அண்ணி வீட்டுல ஒரே வெள்ளம். என்னால வர முடியாது. நீங்க கிளம்புங்க."

"அப்ப உன் சீட்டுக்கு மணல் மூட்டையை ஏத்திக்கட்டுமா?" என்று டாக்டர் கேட்டது எனக்கும் கேட்டது.

"மூட்டை என்னை மாதிரி பாட்டுப் பாடாது, டாக்டர்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். "அண்ணே, டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றான். நகர்த்திப் பிடித்தேன்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். வண்டியை எடுக்க வேண்டாம், அவ்வளவு சொன்னால் போதும். யோசிக்காமல் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அவன் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். வண்டிக்கு அடியில் நுழைவான். நட்டைக் கண்டுபிடிப்பான். டாக்டர் உயிரைச் சின்னவர் காப்பாற்றிவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். மறுபடி அவன்தான். நான் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். குழாய் ஒழுகல் நின்றது. என் மனைவி அவனுக்குக் காபி போட்டாள். நான் கூடத்தைத் துடைத்தேன்.

டாக்டர் நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஏறும்போது நட் தாங்கியிருக்கிறது. இறங்கும்போது ஒரு வளைவில் இடது பின் சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டது. அவர் ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடித்திருந்தாலும் பயன் இல்லை.

உங்கள் ஆட்கள் வந்தார்கள். நட் இல்லாத போல்டையும் அதில் பாதிக் கோட்டையும் காட்டி, இந்த மஞ்சள் யாருடையது என்று கேட்டார்கள். சகலை என்னைப் பார்த்தான், சார். ஒரே ஒரு பார்வை. பிறகு அவர்களிடம் திரும்பி, "என்னுதுதாங்க. நான்தான் இறுக்கினேன். என் தப்புதான்" என்றான்.

அதற்கப்புறம் நடப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். இந்த ஸ்டேஷன் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள். கடைப் பையன்கள், கார் வைத்திருப்பவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். டாக்டரின் மனைவி, கணவனைப் பறிகொடுத்தவர், அவரே இங்கே வந்து, "அவர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டார், அவர் மேல என் வீட்டுக்காரர் உயிரையே வெச்சிருந்தார்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் மாமனார் லிஃப்டுக்கு முன்னால் ஒரு டயர் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். எனக்கு ஒரு தலைவலி வந்தால் கூட வாசலில் வந்து நிற்க ஆள் கிடையாது.

நேற்று என் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, சனிக்கிழமை நீங்கதானே கீழ நின்னு பார்த்தீங்க? தங்கச்சி சொல்றா. தம்பி உங்களைக் காப்பாத்தத்தான் இப்படிச் சொல்றாராம். எவ்வளவு பெரிய மனசுங்க அந்த மனுஷனுக்கு."

நான் அவள் பிடித்திருந்த என் கையையே பார்த்தேன்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? உங்களுக்குத்தான் லிஃப்டை விடறோமேங்கற கவலை. ஏதோ மறந்துட்டீங்க. விடுங்க, யார் கிட்டயும் சொல்லாதீங்க."

காலையில் இங்கே வந்ததும் முதலில் அவனைப் போய்ப் பார்த்தேன். கம்பிக்குப் பக்கத்தில் வந்து, காவலுக்கு நின்றவருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, கை தவறறது எல்லாருக்கும் நடக்கும். நான் பார்த்துக்கறேன். நீங்க வீட்டைப் பாருங்க."

இதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவு பொறுத்துக்கொள்ள முடியும்?

சக்கரம் கொஞ்சம் ஆட வேண்டும், அவன் பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் முகம் சுளிக்க வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது என்று நேற்று வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. மலைப்பாதை என்று எனக்குத் தெரியும். இறக்கம் என்று தெரியும். அவன் அந்தச் சீட்டில் இருப்பான் என்று அவன் பாரத்தையும் சேர்த்துத்தான் வேலை செய்தேன். இப்போது உங்களிடம் சொன்னதற்குக் காரணம் நியாயம் ஒன்றுதான், சார். செய்யாத தப்புக்கு ஒருவன் உள்ளே இருக்கக் கூடாது. பொறாமை, அது இது என்று எதையும் போட்டுக் குழப்பாதீர்கள். எனக்கு அந்தக் குணமே கிடையாது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? அப்படியானால் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நட் இறுக்காமல் விடப்பட்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிவிடுங்கள். விடப்படவில்லை. எவ்வளவு இறுக்கினால் ஏறும்போது தாங்கும், இறங்கும்போது தாங்காது என்று பார்த்து, அந்த அளவுக்கு மேல் போகாமல் நிறுத்தினேன். சகலையால் கூட அவ்வளவு சரியாக நிறுத்தியிருக்க முடியாது. மாற்றி எழுதி, என் மனைவியிடமும் அவனிடமும் படித்துக் காட்டுங்கள். என் கை தவறவில்லை, சார்.